பெரட்டில் ஒரு முழுப் பேர்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லின் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஷிப்டுக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், வராதவர்களுக்கு ஆப்சென்ட் போடுவதும் என் வேலை. அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. என் கல்யாணப் பந்தியில் சித்தப்பாவைக் காணோம் என்றார்கள். 'ஆப்சென்ட்' என்றேன். நாலு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை.

மில்லில் சிலோன்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, கப்பலேறி வந்தவர்கள். வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பெரிய மனுசர்களை நினைத்து ஒரு பெரட்டு வைப்பார்கள். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிடுவது. செத்தவர் பேரை வாசித்து நாலு வரியில் அவர் வாழ்ந்த கதையைச் சொன்னால், கூட்டத்திலிருந்து அவருடைய ரத்த உறவு ஒருவர் 'வந்தாச்சு' என்று பதில் கொடுக்க வேண்டும்.

அந்த வருஷம் கதைகளை எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. என் தமிழுக்காக என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன். எனக்கு மைக் இல்லாமலே சத்தம் வரும் என்பதற்காகத்தான் என்று பிறகு தெரிந்தது.

பள்ளிக்கூடம் கட்ட இடம் வாங்கிக் கொடுத்த கங்காணி, காமன் கூத்துக்குத் தப்பு அடித்தவர், ஸ்ட்ரைக் நடத்தி ஜெயிலுக்குப் போனவர் என்று ஒரு பட்டியல் கொடுத்தார் சிலோன்காரர் சங்கத் தலைவர். அவர் தோட்டத்தில் ஆட்களுக்குப் பேர் போடும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மறுநாள் ரீலிங் செக்ஷன் அக்கா ஒருவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், எங்க மருத்துவச்சி பேரு அதுல இருக்கா?"

இல்லை என்றேன்.

"எங்க லயத்து வரிசை வீடுகள்ல பாதிப் பிள்ளைக அவ கையிலதான் விழுந்துச்சு. நானும்தான். கப்பலேறாமலே அங்கனயே செத்துப்போனா. நாம கூப்புடலேன்னா இந்த ஊர்ல அவளை யாரு சார் கூப்புடுவா?"

தலைவரிடம் சொன்னேன். "அவளுக்குப் பிள்ளை குட்டி கெடையாதே. கூப்பிட்டா யாரு பதில் சொல்லுவா? பெரட்டுன்னா ஒரு முறை வேணுமில்ல?" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே மருத்துவச்சியின் கதையைக் காகிதத்தில் எழுதினேன். பஸ் குலுக்கிய குலுக்கலில் எழுத்து எனக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் முன்னால் எல்லாரும் கூடினார்கள். கங்காணிக்குப் பேரன் 'வந்தாச்சு' என்றான். தப்பு அடித்தவருக்கு மகள் சொன்னாள். அடுத்து மருத்துவச்சி கதையைத் தட்டுத் தடுமாறி வாசித்து, பேரைக் கூப்பிட்டேன். தலைவர் என்னை முறைத்தார். ரீலிங் அக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். ரத்த உறவு இல்லையே, எப்படிச் சொல்வார்?

இரண்டாம் தடவை கூப்பிட்டேன். அப்புறம் என் பாழாய்ப்போன நாக்கு தானாக, "ஆப்சென்ட்" என்றது.

அக்கா எழுந்துவிட்டார். "அவளா ஆப்சென்ட்டு? எந்த மழையிலயாவது அவ வராம இருந்திருக்காளா? வந்தாச்சு. எழுதுங்க சார், வந்தாச்சு."

தலைவர் தொண்டையைச் செருமினார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பிந்தி வந்தால் அரைப் பேர் என்பது தோட்டத்துக் கணக்கு. "சரி, சொல்லிட்டே. ஆனா பிந்திச் சொன்ன. அரைப் பேருதான்," என்றார்.

"உங்க மூத்தவன் வயித்துல தலை திரும்பிக் கெடந்தப்ப ரெண்டு நாளா உங்க வீட்டம்மா பக்கத்துலயே ஒக்காந்திருந்தாளே கணக்கப்பிள்ளையய்யா, அப்ப அரைப் பேருன்னு சொன்னீங்களா?"

கூட்டத்தில் ஓர் ஓரமாக அந்த மூத்தவன், என்னைவிட உயரமானவன், டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். தலைவர் அவனையே செத்த நேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கிளார்க்கரே, முழுப் பேரு போடும்."

போட்டேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்றார். காட்டினேன். என் கோணல் எழுத்தின்மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் தடவினார்.

"சரி சார், அடுத்த ஆளைக் கூப்புடுங்க," என்றார்.

எனக்குத்தான் சத்தம் வரவில்லை.