சஹனிலிருந்து யார் முதலில் கை எடுப்பது

சென்ற ரம்ஜான் பெருநாளைப் பற்றி என் நாட்குறிப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. தொழுகைக்குப் போன நேரம், சமைத்த அரிசியின் அளவு, மாலையில் அண்ணனுக்குப் பார்த்த சர்க்கரை எல்லாம் அதில் உண்டு. பகல் உணவைப் பற்றி ஒரு வரி: ‘மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிட்டார்.’ மற்றதை அன்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில், நெசவாளர்களுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுப்பது என் வேலை. கொடுத்த எடையும் சேலையாகத் திரும்பிவரும் எடையும் ஒத்துப்போக வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் இதைச் செய்த பிறகு வீட்டிலும் எதையும் அளக்காமல் இருக்க முடிவதில்லை. அண்ணனுக்குக் காலில் புண் வந்ததும் அவர் சாப்பாட்டை அளப்பது என் பொறுப்பானது. யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். அவர் மாடியில் குடியிருக்கிறார், நான் கீழே.

புண் வந்தது அவர் மகளின் நிக்காஹுக்கு வாங்கிய புது ஷூவால். இடது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே கடித்திருந்தது. பல வருடச் சர்க்கரையில் அவர் பாதத்துக்கு உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலுறையில் ரத்தத்தைப் பார்த்து அண்ணிதான் கண்டுபிடித்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “மூணு மாசம் சுகர் கட்டுக்குள்ள இருந்தா புண்ணு மூடிடும். இல்லன்னா விரலோட நிக்காது, பாய். கால் போயிடும்.” பெருநாள் வருகிறதே என்று நான் கேட்டேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. “பெருநாளைக்குப் பட்டினி கெடன்னு நான் ஏன் சொல்லப் போறேன்? ஆசையா சாப்பிடுங்க. ஒரு கப் பிரியாணி, ரெண்டு துண்டு கறி, வெள்ளரிக்கா நெறய. மெதுவா மென்னு சாப்பிடுங்க. போதும்னு தோணுனதும் எழுந்துடுங்க. அவ்ளோதான்.”

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ‘போதும் என்று தோன்றியதும் எழுந்துவிட வேண்டும்.’ எவ்வளவு சுலபமான வாக்கியம் என்று அப்போது நினைத்தேன்.

அந்த ரம்ஜான் மாதம் முழுவதும் அண்ணன் நோன்பு வைக்கவில்லை. டாக்டர் தடுத்திருந்தார். பகலில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அளந்து வைத்த சாப்பாட்டைத் திருடனைப் போலச் சாப்பிட்டார். வெளியே யாராவது குரல் கொடுத்தால் மெல்லுவதை நிறுத்திவிடுவார். ஆனால் அளவு மீறவில்லை. ஒரு நாள்கூட மீறவில்லை. காலைச் சர்க்கரை நூற்று நாற்பதைத் தாண்டாமல் நின்றது. புண்ணின் ஓரம் சுருங்கி, நடுவில் இளஞ்சிவப்பாகச் சதை வைத்தது. இருபத்தேழாம் நோன்பன்று அதை அளந்து பார்த்தேன். பாதியாகியிருந்தது.

எங்கள் வீட்டில் பெருநாள் சாப்பாடு சஹனில்தான். பெரிய வட்டத் தாம்பாளத்தில் பிரியாணியைக் குவித்து, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. அதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்குப் பெரியவர் கை எடுத்தால் சாப்பாடு முடிந்தது. எல்லாரும் எடுத்துவிட வேண்டும். அதனால் விருந்தாளிக்கு வயிறு நிறைகிறவரை பெரியவர் எடுக்க மாட்டார். பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விருந்தாளியும் எடுக்க மாட்டார், அது அவருக்கு அவமரியாதை. இன்னொன்றும் உண்டு. சஹனின் நடுவில் பாத்திரம் தெரியக் கூடாது. தெரிந்தால் பரிமாறுகிறவர் உடனே மேலும் சோற்றைச் சரித்துக் கொட்ட வேண்டும்.

அந்தப் பெருநாளுக்கு விருந்தாளி அண்ணனின் மருமகன். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு முதல் பெருநாள்.

மூன்று நாள் முன்னால் மாடிக்குப் போய் அண்ணனுக்குத் தனித் தட்டு வைக்கலாம் என்றேன்.

“மாப்ள மொதல் பெருநாளைக்கு வந்து குந்திக்கினு இருக்கறப்ப நான் தனியா தட்ட வெச்சிக்கினு சாப்டறதா? அதுக்கு நான் போர்வய இழுத்து மூடிக்கினு படுத்துடறேன்.”

“அப்ப மாப்பிள்ளை கிட்ட புண்ண பத்தி சொல்லிடலாம்ணே.”

“சொல்லு. சொல்லிட்டு நீயே அவன் எதுர்ல சஹன வை. ஒரு வாய் எறங்குமா அவனுக்கு? பெருநாளும் அதுவுமா!”

அண்ணி என்னை வெளியே கூப்பிட்டு, சொல்ல வேண்டாம் என்றார். கல்யாணத்தன்று கடைசிப் பந்தியில் சில சஹன்களில் கறி குறைந்துபோயிற்று. சம்பந்தியம்மாள் அதை மறக்கவில்லை. முதல் வாரமே எங்கள் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: “உங்க வூட்ல கறிய எண்ணி எண்ணித்தான் போடுவாங்களாமே?” கல்யாணச் சாப்பாட்டுக்கு அளவு போட்டது நான். வருகிறவர்கள் எண்ணிக்கையை நான்கால் வகுத்து, சஹனுக்கு இத்தனை துண்டு என்று எழுதிக் கொடுத்தேன். என் கணக்கில் தவறில்லை. ஆட்கள்தான் கூடுதலாக வந்துவிட்டார்கள். அண்ணி இதைச் சொல்லிக்காட்டவில்லை. “இன்னொரு பேச்சு வேணாம்பா. பாவம் அந்தப் பொண்ணு” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பத்தாவது கவளத்தில் வயிறு சரியில்லை என்று நான் கையை எடுத்துவிடுவேன். சிறியவன் முதலில் எடுப்பது முறையில்லைதான், ஆனால் திட்டு எனக்குத்தான் விழும்.

அண்ணன் அதற்குச் சிரித்தார். “சரிடா. நீ எடு. உன்ன திட்டிக்கினே நானும் எடுத்துடறேன்.”

நடுவில் சோறு சரிக்க மாட்டேன் என்று அண்ணியும் ஒப்புக்கொண்டார்.

பெருநாளன்று நால்வர் சஹனில் மூன்று பேர் உட்கார்ந்தோம்: அண்ணன், மாப்பிள்ளை, நான். பிரியாணி, கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி. அண்ணன் கட்டுப்போட்ட காலைக் கைலிக்கு அடியில் மறைத்து மடக்கியிருந்தார். முதல் கவளம் வாய்க்குள் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மாதம் கதவைச் சாத்திச் சாப்பிட்டவர், திறந்த கூடத்தில் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. தன் பக்கத்துக் கறித் துண்டுகளை மாப்பிள்ளை பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

“சாப்டு மாப்ள. வெக்கப்பட்டா வயித்துக்குத்தான் நஷ்டம்.”

“சாப்டுக்கினுதான் இருக்கறேன் மாமா. நீங்க சாப்டுங்க.”

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு. அண்ணன் சிறுகவளமாகத்தான் எடுத்தார். ஒன்பது. சஹனின் நடுவில் ஓர் எலுமிச்சை அளவுக்குப் பாத்திரம் பளபளத்தது. இத்துடன் முடியும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் பார்வை அந்த இடத்தில் விழுந்தது. அதை அண்ணி பார்த்துவிட்டார். ஒரு பெரிய கரண்டிச் சோறு வந்து பாத்திரத்தை மூடியது. ஒப்புக்கொண்டது அவருக்கு மறந்திருக்காது. கை முந்திக்கொண்டது.

பத்தாவதில் நான் கையை எடுத்தேன்.

“என்னா சின்ன மாமா?” என்றார் மாப்பிள்ளை, சிரித்தபடி. “எண்ணி எண்ணி சாப்டறீங்களா?”

உள்ளறைத் திரையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பெண் நின்றிருந்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போனதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். அவர் கை சஹனுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. என்னைத் திட்டுவதாக இருந்த வார்த்தை வரவில்லை.

“எலும்பு ஒண்ணு பல்லுல மாட்டிக்கிச்சு மாப்ள” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சஹனில் கை வைத்தேன்.

அதற்குப் பிறகும் எண்ணினேன். நிறுத்தத்தான் முடியவில்லை. அண்ணன் இருபத்தாறு கவளம் சாப்பிட்டார். பதினைந்துக்கு மேல் அவர் நெற்றி வியர்த்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு கவளத்துக்கும் மூச்சு வாங்கினார். மூன்று பேரும் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தோம். அண்ணி இன்னும் இரண்டு முறை சோறு சரித்தார். கடைசியில் பிரியாணித் தேக்சாவின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டபோதுதான் அண்ணன் ஒரு பெருமூச்சோடு கையை எடுத்தார். அடுத்த நொடியே மாப்பிள்ளையும் எடுத்தார். பின்னாலேயே பிரெட் அல்வா வந்தது. எல்லாரும் மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிட்டதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டோம். எங்கள் பெண் சிரித்தாள். அன்று மாலை அண்ணனுக்குச் சர்க்கரை முந்நூற்று நாற்பத்தொன்று.

“ஒரு நாள்தானேடா” என்றார் அண்ணன்.

ஒரு நாளாக இருக்கவில்லை. முதல் பெருநாள் தம்பதியைச் சொந்தக்காரர்கள் வரிசையாக விருந்துக்குக் கூப்பிட்டார்கள். கூடவே பெண்ணின் அப்பாவையும். ஐந்து வீடு. ஐந்திலும் சஹன், ஐந்திலும் கடைசிவரை கை எடுக்காத விருந்தோம்பல். அண்ணன் மறுக்கவில்லை. அந்த ஒரு பகலில் அவருக்குள் எதுவோ தளர்ந்துவிட்டது. நான் காலையில் அளந்து வைத்த தட்டைப் பார்த்து, “ராத்திரி அங்க எப்டியும் சாப்டணும், இத எதுக்கு அளந்துக்கினு கெடக்கற?” என்று கேட்டார். இரண்டு வீடுகளுக்கு நானும் போயிருந்தேன். பத்தாவது கவளத்தில் கை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கட்டுப் பிரித்தபோது புண் ஈரமாக இருந்தது. பதிமூன்றாம் நாள் வாடை வந்தது. பிறகு சுண்டுவிரல் கறுத்தது. சென்னைக்குக் கொண்டுபோனோம். முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். எட்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சம்மதக் கையெழுத்து நான் போட்டேன்.

“ஒரு வேளைச் சாப்பாட்டால வந்தது இல்ல இது. பல வருஷத்துச் சர்க்கரை” என்றார் அங்கிருந்த டாக்டர். உண்மையாகத்தான் இருக்கும். அதை நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய பக்கங்களில் புண் சுருங்கிக்கொண்டே வந்த அளவுகளும் இருக்கின்றன. இரண்டும் என் கையெழுத்துதான். எதை நம்புவது என்று தெரியவில்லை.

அறுவை நடந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புண்ணைப் பற்றியும் டாக்டர் சொன்னதைப் பற்றியும் அவருக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. “சின்ன மாமா, அன்னிக்கு நான் வரும்போதே வயிறு நெறஞ்சிருந்திச்சு” என்றார். “வர்ற வழியில மூணு வீட்ல சேமியா குடிச்சிட்டு வந்தேன். மாமா எப்ப கைய எடுப்பாருன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

நான் கையிலிருந்த நாட்குறிப்பை மூடி மடியில் வைத்தேன்.

“நீங்க எடுத்தீங்களே, அப்பாடா, தப்பிச்சோம்னு நெனச்சேன். அந்தச் சந்தோஷத்துலதான் தமாஷா கேட்டேன். நீங்க திருப்பி கைய வெச்சிட்டீங்க.”

அவர் அம்மா எங்கள் பெண்ணிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? போதும் என்று மூன்று பேருக்கும் தோன்றியிருந்தது. டாக்டர் சொன்ன இடத்தில், டாக்டர் சொன்ன நேரத்தில். ஒருவருக்கும் எழுந்திருக்கத் தெரியவில்லை.

பக்ரீத் வந்தபோது அண்ணன் வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. தரையில் உட்கார முடியாது. சுவரோரம் கை வைத்த நாற்காலி போட்டு, முன்னால் ஒரு முக்காலியில் தட்டு வைத்தோம். தனித் தட்டு. ஒரு கப் பிரியாணி, இரண்டு துண்டு கறி, வெள்ளரிக்காய். நான்தான் அளந்து வைத்தேன். இந்த முறை அதை யாரும் குறைவாக நினைக்கவில்லை. மாப்பிள்ளையே தட்டைக் கொண்டுபோய் வைத்தார்.

நானும் அவரும் கீழே சஹனில் உட்கார்ந்தோம். அண்ணன் எங்களைப் பார்க்காமல், தலை குனிந்து மெதுவாக மென்று சாப்பிட்டார். தட்டில் இருந்ததெல்லாம் முடிந்தது. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று அண்ணி கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர் கை எடுத்துவிட்டார். நாங்கள் அப்போது நான்காவது கவளத்திலோ ஐந்தாவதிலோ இருந்தோம். மாப்பிள்ளை உடனே கையை எடுத்தார். நானும் எடுத்தேன்.

“டேய், நான் ஒக்காந்திருக்கறது நாக்காலியிலடா” என்றார் அண்ணன். “எனக்கும் அந்த சஹனுக்கும் என்னா இருக்குது? சாப்டுங்கடா. மாப்ள, சாப்டுப்பா.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சஹனைப் பார்த்தேன். சோறு குவித்தது குவித்தபடி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அண்ணி வந்து சிறிது நேரம் நின்றார். பிறகு குனிந்து சஹனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.