கல்லாகிப்போன ஆறு மூட்டை

அன்னபுஷ்பத்துக்கு முனிரத்தினம் மேஸ்திரி நாலாயிரத்து இருநூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. கைமாற்று இல்லை. அவள் கூலியில் அவரே பிடித்துக்கொண்ட பணம்.

மேஸ்திரி மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். படப்பையில் சிமெண்டு மூட்டை தூக்கிப் பிழைக்க வந்தவர், இன்று ஒரகடத்துக் கிரீம் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு பேரை வைத்து லோடு இறக்குகிறார். மூட்டையைத் தட்டிய சத்தத்திலேயே சரக்கைச் சொல்லிவிடுவார். எந்த இன்ஜினியருக்கு அது வரும்? முப்பது வருடத்தில் சொன்ன சொல்லை ஒருமுறைகூட மாற்றியதில்லை.

அவருடைய ஆட்களிலேயே கெட்டிக்காரி சேரப்பணஞ்சேரி அன்னபுஷ்பம். ஆள் ஒல்லி, வாய் நீளம். ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஓ.டி.க்கு ஓடி வந்துவிடுவாள். மே மாதம் ஒருநாள், ஏசி அறையில் இடமில்லையென்று மிரிஸ்டைல் மிரிஸ்டேட் ஆறு மூட்டையைத் தகரச் சுவரோரம் அடுக்கிவிட்டாள். கிரீம் பிசுபிசுக்காமல் சருமத்தில் பரவச் சேர்க்கிற வெள்ளைச் செதில் அது, கொழுப்பிலிருந்து செய்வது. பகல் வெயிலில் உருகிப்போய், மறுநாள் காலையில் ஆறும் கல்.

மேஸ்திரி ஒன்றைத் தட்டினார். இறுகிய சிமெண்டு மூட்டையின் அதே சத்தம்.

“செத்த மூட்டை. கம்பெனி என் தலையில கட்டும். உன் கூலில புடிச்சிக்கிறேன்.”

“சிமெண்டு இல்ல மேஸ்திரி இது. குளிர்ல தேங்காண்ண உறைஞ்சா பாட்டிலத் தூக்கிப் போட்டுடுவியா? வெயில்ல வெச்சித்தான தலைக்குத் தடவுற?”

“எனக்கே சரக்கு சொல்லித் தர்றியா?”

“தடவறதுக்கு உனக்கு முடி எங்க கீது, அத வுடு.”

பிடித்தது பிடித்ததுதான். தண்டலத்தில் படிக்கும் மகள் சில்வியாவின் காலேஜ் பஸ்ஸுக்கென்று வைத்த பணம் அது. அன்னபுஷ்பம் வேலைக்கு வந்தாள், பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த வாய் ஓய்ந்த பிறகு மேஸ்திரிக்கு லோடு இறக்கும் டாக்கில் நிற்கவே பிடிக்கவில்லை.

பத்தாம் நாள் லேப் பெண் ஷாலின் பரிசோதித்துவிட்டு, “சரக்கு நல்லாத்தான் இருக்கு. எப்படியும் உருக்கித்தானே ஊத்துறோம்” என்று ஆறையும் உள்ளே அனுப்பினாள். கம்பெனி ஒரு பைசா கேட்கவில்லை.

மறுநாள் மேஸ்திரி நோட்டுகளை நீட்டினார். “இந்தா புஷ்பம், போனசு.”

“போனசு யாருக்கு வேணும்? என் கூலியக் குடு.”

மற்ற இருபத்தோரு பேரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

“மூட்ட நல்ல மூட்டதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

ஆட்கள் முன்னால் அப்படிச் சொல்ல எத்தனை மேஸ்திரிக்கு நெஞ்சு உண்டு?

அன்னபுஷ்பம் கையை விரித்தாள். எட்டு ஐந்நூறு, ஒரு இருநூறு. விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.