பீலிக்கு அடியில் ஒரு தீப்பெட்டி

காலை ஏழு மணி. இலங்கை மலையகத்து லிந்துலைக் குளிரில் வாயைத் திறந்தால் புகை வருகிற நேரம். நாகலெட்சுமி முழுக்கை சுவெட்டர் போட்டு, இடுப்பில் ஒரு புதுப் படங்கைக் கட்டிக்கொண்டு, நேராகப் பீலிக்கு அடியில் போய் நிற்கிறார். குளிப்பதற்கு அல்ல. மலையிலிருந்து குழாய் வழியாக வந்து கொட்டுகிற தண்ணீர் சரியாக இடுப்பில் விழும்படி, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அப்படியும் இப்படியும் திரும்பிக் கொடுக்கிறார். குடங்களோடு காத்திருக்கிற பெண்கள் முணுமுணுக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, கையை நன்றாகத் துடைத்து, படங்கின் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழிக்கிறார். பற்றினால் படங்கு பாஸ். பற்றாவிட்டால் தையலைப் பிரிக்க வேண்டியதுதான்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கும் பனிக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுத் துணிதான் படங்கு. பெரும்பாலும் உரச்சாக்கு, கிழிந்த பிளாஸ்டிக், பழைய கூடாரத் துணி என்று கிடைத்ததைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். நாகலெட்சுமி அதையே அளவெடுத்துத் தைக்கிறார். நாடா கிடையாது, கொக்கி. முன்பக்கம் போன் வைக்க மூடியோடு ஒரு பை. பதினொரு வருடம் கட்டுநாயக்கவில் கார்மெண்டில் இருந்தவருடைய கை அது. தையல் கோடு போட்ட மாதிரி ஓடும்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல அவர் வைத்திருப்பது ஒரு வலைப்பூ. நம்மில் பலர் அதையெல்லாம் மறந்தே போய்விட்டோம். அவருடைய வாயில் அது புளொக்கு. டவுனில் போன், போட்டோகொப்பி என்று கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் றிஷாத் தான் திறந்து கொடுத்தார். பேஸ்புக் போதுமே என்று அவர் அப்போதே சொல்லிப் பார்த்திருக்கிறார். நாகலெட்சுமி கேட்கவில்லை. “பேஸ்புக்குல இன்னைக்குப் போட்டது நாளைக்குக் கீழ போயிருதுங்க. நான் எழுதுனத ஒரு வருசம் கழிச்சுத் தேடுனாலும் கெடைக்கணும்” என்று என்னிடமும் சொன்னார். எழுதுகிற இடம் பீலிக்குப் பக்கத்தில் இருக்கிற துவைகல். லயத்து வரிசையில் அவருடைய வீடான ஒற்றைக் காம்பராவுக்குள் சிக்னல் வராது. துவைகல்லில் உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும்.

படம் எடுப்பது கணவர் சிவசாமி. தொழிற்சாலை வேலைக்குப் போகிற அவசரத்தில் எடுப்பார். எரிகிற தீக்குச்சி நடுவில் இருக்கும், அவருடைய பெருவிரல் ஓரத்தில் இருக்கும். இருநூறு பதிவுக்கு மேல் பார்த்துவிட்டேன். அந்த விரல் இல்லாத படம் ஒன்றுகூட இல்லை. வெட்டி எடுத்துவிடலாமே என்றேன். அது இருந்தால்தான் படம் கடையிலிருந்து சுட்டது அல்ல என்று ஜனங்கள் நம்புவார்களாம்.

மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் இந்தப் புளொக்கைப் படிப்பதில்லை. படிப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறவர்கள், டோஹாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள், மழை நாளில் அம்மாவை நினைக்கிறவர்கள். அவர்களிடம் நாகலெட்சுமி கேட்கிற கேள்விகள் பரீட்சைத் தாள் போல இருக்கும். அம்மா என்ன உயரம்? இடுப்பு எத்தனை அங்குலம்? இடது கையா, வலது கையா? அம்மா நிற்கிற மலையில் செடி எவ்வளவு உயரம்? பாதிப் பேருக்கு ஒன்றுக்கும் விடை தெரியாது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் எடுக்கிறார்கள்.

வெள்ளவத்தையில் வேலை செய்கிற பிரேமினி அப்படித்தான் உடப்புசல்லாவையில் இருக்கிற தன் அம்மா வேலாயிக்கு எடுத்தாள். மூன்று வாரமாகப் பேசாத மகள் திடீரென்று அழைத்து இடுப்பு அளவைக் கேட்டதும் வேலாயிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகள் யாரையோ கலியாணம் கட்டப் போகிறாள், தனக்குச் சேலைச் சட்டை தைக்கத்தான் அளவு கேட்கிறாள் என்று முடிவு கட்டி ஒப்பாரி வைத்துவிட்டார். சமாதானம் செய்ய முக்கால் மணி நேரம் ஆனதாம். பிரேமினி இதைப் புளொக்கில் பின்னூட்டமாக எழுதியிருக்கிறாள். கீழே நாகலெட்சுமியின் பதில்: “அதெல்லாம் சரிம்மா, அளவு என்ன?”

ஒவ்வொரு பதிவின் கடைசி வரியிலும் அவர் தனக்கே பேர் போட்டுக்கொள்வார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். சொன்ன அளவு கொழுந்து நிறுக்காதவருக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். நாகலெட்சுமி கார்மெண்டுக்குப் போய், திரும்பி வந்து, சொந்தத் தொழில் தொடங்கியும் அந்தக் கணக்கு மட்டும் அவரை விடவில்லை. “மூணு படங்கு முடிஞ்சது, மூணும் பத்திச்சு, இன்னைக்கு முழுப்பேர்.” “கொக்கி வரல, பக்கத்து வீட்டுல கத பேசிட்டேன், அரைப்பேர்.” இப்படி ஒரு கடைக்காரர் தன்னைப் பற்றித் தானே எழுதிப் போட்டு வியாபாரம் செய்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன ஆடியில்தான் அந்த வம்பு வந்தது. கொழும்பிலிருந்து ஒரு புதுத் துணி கிடைத்தது. பாதி எடை, நல்ல நீலம். நாகலெட்சுமி சொக்கிப்போனார். நாற்பது படங்கு தைத்தார். நாற்பதையும் பீலியில் நிறுத்தினார். நாற்பது குச்சியும் பற்றின. “ஒரு சொட்டு எறங்காது, நான் பொறுப்பு” என்று எழுதினார். எல்லாம் ஒரு வாரத்தில் விற்றுத் தீர்ந்தன.

எட்டாம் நாள் பக்கத்துக் காம்பரா வீரம்மா மலையிலிருந்து நேராக இஸ்தோப்புக்கு வந்து, வீட்டு முன்னால் இருக்கிற அந்தச் சின்னத் தாழ்வாரத்தில் ஈரப் பாவாடையோடு தையல் மெஷினுக்கு எதிரே நின்றார். படங்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். முன்பக்கம் முழுக்கச் சல்லடைக் கண்.

“மழ மேலருந்து மட்டுமா வருது லெட்சுமி? நம்மள நனைக்கிறது செடி தானே. நாள் பூரா குச்சிக்குள்ள இடிச்சுக்கிட்டுப் போறோம். மறந்துட்டியா?”

உண்மையாகவே மறந்துதான் போயிருந்தார். அவர் கடைசியாகக் கூடை மாட்டியது பத்தொன்பது வயதில். தேயிலைக் குச்சி இடுப்பில் உரசிக்கொண்டே இருக்கும் என்பதை இருபத்து நான்கு வருடத்தில் உடம்பு மறந்துவிட்டது. பீலித் தண்ணீருக்குக் குச்சி இல்லையே.

அன்று மாலை அவர் எழுதிய பதிவின் தலைப்பு: “நாப்பது நீலப் படங்கும் பிழை. கொண்டு வாங்க, மாத்தித் தாறேன்.” படத்தில் நனைந்து நொறுங்கிய தீக்குச்சி. ஓரத்தில் வழக்கம்போலப் பெருவிரல். கீழே, இன்றைக்குப் பேரே இல்லை என்று ஒரு வரி.

அதற்குப் பிறகு அவர் பழைய தடித்த துணிக்கே திரும்பினார். சோதனையும் இரண்டாகிவிட்டது. முதலில் படங்கைக் கட்டிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் இருக்கிற தேயிலை நிரைக்குள் நூறு தடவை போய் வருவார். பிறகுதான் பீலி. கூடையும் இல்லாமல் கொழுந்தும் எடுக்காமல் ஒரு பெண் செடிக்குள் மேலும் கீழும் நடப்பதைப் பார்த்து, வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கு ஐயா சிவசாமியைக் கூப்பிட்டு வீட்டில் எல்லாம் சரிதானே என்று விசாரித்திருக்கிறார்.

நீலப் படங்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வட்டவளையிலிருந்து ஆறு ஒரே பையில் ரயிலில் வந்தன. அந்தப் பதிவின் தலையில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. நான் போனபோது அது முப்பத்தொன்பதில் நின்றது. பாக்கி இருந்தது வேலாயியுடையது. மகள் எத்தனை சொல்லியும் அவர் கொடுக்கவில்லை. மகள் வாங்கித் தந்ததை யாரோ பிடுங்கப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு. ஒழுகவே இல்லை என்று சாதித்துவிட்டாராம். இந்த மூன்று மாதத்துப் பதிவுகளில் முழுப்பேர் ஒன்றைக்கூடக் காணோமே என்று நாகலெட்சுமியிடம் கேட்டேன். டீ குடிக்கிறீங்களா என்றார்.

நான் போன அன்றுதான் மதுரனும் வந்தார். நுவரெலியாப் பக்கம் வெள்ளைக்காரப் பயணிகள் தங்குகிற ஒரு பங்களாவின் மனேஜர். பயணிகளைக் கொழுந்து எடுக்க வைத்துப் படம் பிடித்து அனுப்புகிற இடம் அது. அவருக்கு எண்பது படங்கு வேண்டும். நாகலெட்சுமிக்கு அது சும்மா ஒரு ஓர்டர் இல்லை. றிஷாத்தின் கடைக்குப் பக்கத்து அறை காலியாகிறது. எண்பது கிடைத்தால் அந்த அறையை எடுக்கலாம், இன்னொரு மெஷின் போடலாம். சாரல் அடிக்கும்போதெல்லாம் மெஷினுக்குக் குடை பிடித்துக்கொண்டு இஸ்தோப்பில் தைக்க வேண்டியதில்லை. றிஷாத் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

மதுரன் நல்ல மனிதர்தான். படங்கைத் தடவிப் பார்த்தார், கொக்கியை மாட்டிக் கழற்றினார், பிடித்துவிட்டது. ஒரே ஒரு விஷயம் என்றார். அந்த ஆடி மாதப் பதிவை எடுத்துவிட வேண்டும். பயணிகள் எல்லாவற்றையும் தேடிப் பார்ப்பவர்கள், படங்கு பிழை என்று தமிழில் இருந்தாலும் போனே மொழிபெயர்த்துச் சொல்லிவிடும், பங்களாவுக்குப் பெயர் கெடும் என்றார்.

றிஷாத் உடனே குனிந்து, “ஒரு பட்டன்தான் அக்கா. நான் அமத்திர்றேன்” என்றார். எனக்குக்கூட ஒரு நிமிடம் அமத்தினால் என்ன என்றுதான் தோன்றியது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நாகலெட்சுமி கழுத்தில் கிடந்த அளவு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். கண் ஒரு தடவை அந்த மெஷின் மேல் போய் வந்தது.

“சேர், இன்னும் ஒரு படங்கு வெளிய இருக்கு. நான் எழுதுனத எடுத்துட்டா அந்தப் படங்கு ஒழுகுறது எனக்கு மட்டும்தானே தெரியும்? அது வேணாங்க.”

மதுரன் கையிலிருந்த படங்கை மெஷின் மேல் வைத்தார். அப்படியென்றால் இது மட்டும் ஒழுகாது என்று எதை வைத்து நம்புவது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நியாயமாகத்தான் கேட்டார்.

நாகலெட்சுமி அந்தப் படங்கை எடுத்துக் கட்டிக்கொண்டார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். தேயிலை நிரைக்குள் இறங்கி நூறு தடவை நடந்தார். மதுரன் முதல் இருபது வரை எண்ணினார், பிறகு விட்டுவிட்டார். சேறு முழங்கால் வரை ஏறிவிட்டது. பீலிக்கு வந்ததும் வழக்கம்போலத் தீப்பெட்டியைப் பைக்குள் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை வெளியே எடுத்துத் துவைகல் மேல் வைத்துவிட்டுத் தன் போனைப் பைக்குள் போட்டார்.

அந்தப் போனில்தான் புளொக்கு எழுதுகிறார். எல்லா அம்மாக்களின் இடுப்பு அளவும் இருக்கிறது. றிஷாத் “அக்கா” என்று ஒரு அடி முன்னால் வந்தார். நாகலெட்சுமி அதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டார். குடத்தோடு நின்ற பெண்கள் அன்றைக்கு முணுமுணுக்கவில்லை.

பத்து நிமிடம் ஆனது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. வெளியே வராமலே, “இப்ப ஒரு கோல் எடுங்க சேர்” என்றார்.

மதுரன் எடுத்தார். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே, நாகலெட்சுமியின் இடுப்பிலிருந்து மாரியம்மன் பாட்டு ஒன்று கேட்டது. அவர் போனை எடுக்கவில்லை. பாட்டு முழுதாக ஓடி முடியும் வரை அங்கேயே நின்றார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. குடத்துக்காரப் பெண்களில் ஒருத்தி நிஜமாகவே தட்டிவிட்டாள்.

எண்பது உறுதியானது. பதிவு இருந்தபடியே இருக்கும். ஒவ்வொன்றையும் செடிக்குள் நடத்திப் பீலியில் நிறுத்த வேண்டும் என்பதால் இரண்டு மாதம் கேட்டார் நாகலெட்சுமி. மதுரன் சரி என்று தலையாட்டிவிட்டு, தன் மனைவிக்கும் ஒன்று என்று மெதுவாகச் சொன்னார். இடுப்பு அளவு கேட்டதும் விழித்தார்.

மதுரன் வந்த வான் வண்டி மலையிறங்கிப் போனதும் றிஷாத் துள்ளாத குறைதான். “இன்னைக்கு ஒண்ணரப் பேர் போடுங்க அக்கா, ஒருத்தரும் கேக்க ஏலாது” என்றார்.

நாகலெட்சுமி தலையைத் துவட்டிக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்தார். போனை முந்தானையில் ஒரு தடவை துடைத்தார், அதில் துடைக்க ஒன்றும் இல்லை. எண்பது, நுவரெலியா, பழைய துணி என்று எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. றிஷாத் எட்டிப் பார்த்தார். அரைப்பேர் என்று அடித்துப் பதிவை அனுப்பிவிட்டு, பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இஸ்தோப்புக்கு வந்து, மெஷினுக்குக் கீழே வேலாயிக்கென்று மூன்று மாதமாக மடித்து வைத்திருந்த ஒரு படங்கை வெளியே எடுத்தார். உடப்புசல்லாவைக்கு விடிய மொதல் பஸ் எத்தனை மணிக்கு என்று றிஷாத்திடம் கேட்டுக்கொண்டே, அதன் பையில் அந்தத் தீப்பெட்டியைப் போட்டு மூடியை அழுத்தினார்.