பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசு

எங்கள் ஊரில் எல்லோரும் பெட்ரோல் அடிக்க எல்லை தாண்டுவோம். கேரளத்துப் பாறசாலையிலிருந்து ஸ்கூட்டரைத் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. அந்தப் பக்கம் வரி குறைவு, விலையும் குறைவு. போய்வர எரிகிற பெட்ரோலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசாங்கத்தை ஏய்த்துவிட்ட சந்தோஷம் அதில் உண்டு.

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீசில் எனக்கு டைப்பிங் வேலை. வார நாட்களில் மகளோடு நின்று பேச நேரமிருக்காது. பேசினாலும் எரிந்து விழுவேன். சனிக்கிழமை அரை நாள். அன்று சாயங்காலம் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். டாங்கை நிரப்பி, மிச்சமான காசில் பக்கத்துக் கடையில் அவளுக்கு ஆரஞ்சு கலர் குளிர்பானம் ஒரு குப்பி. முதலில் சின்னது. போகப்போக இரண்டு லிட்டர், கூடவே கிரீம் பன். சும்மா கிடைத்த காசுதானே என்று வாங்கினேன். ஒரு வாரம் குப்பியில் பாதி மீந்திருந்தது. இருப்பது தீரட்டும், பிறகு போகலாம் என்று அன்றைய பயணத்தை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு குப்பியில் எதுவும் மீந்ததில்லை.

அவள் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரே வருடத்தில் இரண்டு தடவை யூனிஃபார்ம் தைத்தோம். எடை கூடுவதைப் பற்றி டீச்சர் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். வளருகிற பிள்ளையின் சாப்பாட்டில் கண் வைக்காதீர்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். கழுத்து மடிப்பில் கறுப்பு படர்ந்தபோதும், தேய்த்துக் குளிக்கத் தெரியாதா என்று அவளைத்தான் திட்டினேன்.

கடைசியில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கனுக்குக் காத்திருக்கையில் பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர், சர்க்கரைப் பானத்துக்கு வரியைக் கூட்டினால் பிள்ளைகள் தடிப்பது குறையும் என்கிறார்களே, நடக்குமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இங்ஙன கூட்டினா அங்ஙன போயி வாங்குவோம். எங்களுக்கு ரெண்டு சைடும் உண்டு" என்றேன்.

உள்ளே டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கிவிட்டது, இப்போதே விழித்துக்கொண்டால் திருப்பிவிடலாம் என்றார். என்ன குடிப்பாள் என்று கேட்டபோது மலையாளத்தில் ஏதேதோ மழுப்பினேன்.

திரும்பும் வழியெல்லாம் அந்த வரியே மனதில் ஓடியது. பெட்ரோல்போல இல்லை, அந்தக் குப்பி இரண்டு பக்கமும் ஒரே விலைதான். இரண்டு பக்கமும் வரியைக் கூட்டியிருந்தால் மிச்சக் காசுக்குள் அடங்கியிருக்காது, எடுத்ததைத் திரும்ப வைத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். வரி போடாதவர்கள்மேல் கோபம்கூட வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, அதில் அப்படி என்ன ஆசை உனக்கு என்று மகளிடம் கேட்டேன்.

"அதுக்க டேஸ்ட் எனக்கு இஷ்டமே இல்லம்மா. குப்பி காலியாகலேன்னா சனிக்கிழமை போவாண்டாம்னு சொல்லிருவியேன்னு நெனச்சாக்கும் குடிச்சது."

என்னால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை டாங்கில் பெட்ரோல் நிறைய இருந்தது. ஆனாலும் அவளைக் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்டவளிடம், குப்பி வாங்க அல்ல, சும்மா ரெண்டு பேரும் போய்வர என்றேன்.