அண்ணனின் இலையில் விழுந்த சிவப்புக் களி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் இதைக் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன். சிலருக்கு இது இனிக்காது. எனக்கும் இனிக்கவில்லை.

அண்ணன் கர்நாடகத்து ஹனூர்ப் பக்கம் மானாவாரிச் சோளக்காட்டில் பிறந்தவர். அப்பா இளமையிலேயே போய்விட, படிப்பை விட்டுவிட்டு மைசூருக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தார். தங்கையான என்னைப் படிக்க வைத்து, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். அண்ணி நர்ஸ். அவருக்கு மாலை ஷிஃப்ட் விழும் நாட்களில் இரவுச் சமையல் அண்ணனுடையது.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே மகளுக்குப் போன் போடுவார். "கண்ணு, காலைச் சோறு மிச்சமிருக்குதா?"

இருக்கிறது என்றால் அன்று சிக்கன் ஃப்ரைடு ரைஸ். வரும் வழியில் எலும்பில்லாத கறி வாங்கிப் பொடியாக நறுக்கி, முட்டை, கோஸ், மிளகுத்தூள் சேர்த்துக் கிளறி இறக்கிவிடுவார். சோறு ஆறி, விறைத்து, உதிரியாக இருக்க வேண்டும். அதில் மட்டும் கறாராக இருப்பார். கலர்ப் பொடியைக் கண்டாலே அவருக்குக் குமட்டும்.

எங்கள் பெரியப்பா அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே, "ஆம்பளை கரண்டி புடிச்சா ஊடு வெளங்குமா?" என்பார். சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டுக்கும் கை நீட்டுவார். அண்ணன் சிரித்தபடி போடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனின் காரியம் முடிந்து, கறி சமைத்துப் படைத்த நாளில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று பெரியப்பாவே ஃப்ரைடு ரைஸ் செய்யச் சொன்னார். அண்ணி மூலையிலிருந்து மெல்ல, "அவருக்கு ஆறின சோத்துல செஞ்சாத்தானுங்க புடிக்கும்" என்றார்.

"செத்தவனுக்குப் பழைய சோறு வெக்கறதா? ஊரு காறித் துப்பாதா? நீ சும்மா இரும்மா!" என்று பெரியப்பா அதட்டினார்.



அப்போதுதான் வடித்த சோற்றை ஆவி பறக்க வாணலியில் கொட்டினார்கள். பாட்டில் சாஸ், கைநிறைய சிவப்புப் பொடி. குழைந்து களியாகிவிட்டது. இலையில் சொத்தென்று விழுந்து எண்ணெய் கக்கியது. கறித்துண்டு உள்ளே வேகவே இல்லை. அந்த அசிங்கத்தின் முன்னால் எல்லோரும் கைகூப்பினார்கள். "தங்கமான பையன், என்னமா சமைப்பான்!" என்று பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் களியைவிட இந்தப் பேச்சுதான் அருவருப்பாக இருந்தது. வாழும்போது அண்ணனைக் கேலி செய்தார்கள். போனபின் அவருடைய மனைவியின் வாயை அடைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அண்ணனுக்கு நினைவு வந்து வந்து போகும். நினைவு வரும்போதெல்லாம் மகளிடம் அதே கேள்விதான். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு தலையாட்டுவாள்.

அண்ணனைத் தூக்கிச் சுமந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட நர்ஸ்களுக்கும், எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டுக் கன்னடக்காரக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

இன்றைய படையலுக்கு அண்ணி நேற்றே சோறு வடித்து ஆற வைத்துவிட்டார். அடுப்படியில் நிற்கப்போவதும் அவரே. பழைய சோறு தீட்டு என்பவர்கள் வாசலோடு திரும்பிக்கொள்ளலாம்.

சோறு மிச்சமிருக்கிறது, அண்ணா.