லூர்த்தம்மா ஏசாதிருந்த ஐந்து மாதம்

குருநகர்ச் சந்தையில் லூர்த்தம்மாவிடம் ஏச்சு வாங்காமல் மீன் வாங்கிப் போனவர்கள் குறைவு. பாரை மீனைப் புரட்டிப் பார்த்தால் ஏச்சு, விலையைக் குறைத்துக் கேட்டால் ஏச்சு, பேசாமல் நின்றால் அதற்கும் ஏச்சு. அந்த மனுசி ஐந்து மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

வினை விண்வெளியிலிருந்து வந்தது. நாலு பேர் பத்து நாள் பயணமாக விண்வெளி நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள், திரும்பும்போது கலம் கடலில்தான் விழுமாம் என்று மருமகள் ஜெனிற்றா கைபேசியில் வாசித்துக் காட்டினாள். கடல் என்றதும் லூர்த்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கடலுக்குப் போனவர்களுக்காக நேர்த்தி வைப்பது அந்தக் கரையின் வழக்கம். உடனே அந்தோனியார் கோயிலுக்குப் போய் நின்றாள்.

"அதுகள் கரை சேருமட்டும் நான் ஒருத்தரையும் ஏச மாட்டன்."

பத்து நாள்தானே என்ற துணிச்சல்.

பத்தாம் நாள் கலத்தில் பழுது என்றார்கள். பிறகு காலநிலை சரியில்லையாம். பிறகு வேறு கலம் வரவேண்டுமாம். சந்தைக்கோ பெருநாள். பக்கத்துக் கடைக்காரி யோசப்பின் என்பவள் தன் கூடையை அவளுடைய இடத்துக்கே நகர்த்திவிட்டு, "மிச்ச இடம் உங்களுக்குக் காணுமோ அக்கா?" என்று குழைந்தாள். கணவர் கனிசியஸ் கள்ளைக் குடித்துவிட்டு நடுவீட்டில் நின்று பாடினார்.

"நல்லாப் பாடுறியள்" என்றாள் லூர்த்தம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. நேர்த்தியை முறித்தால் அந்த நாலு உயிருக்கும் தன்மேல்தான் பழி என்று அவள் உறுதியாக நம்பினாள். "இண்டைக்காவது வருவினமோ பிள்ளை?" என்று ஜெனிற்றாவை மட்டும் தினமும் கேட்டாள்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் கலம் கடலில் விழுந்தது. சந்தையே கைபேசியைச் சுற்றி நின்று பார்த்தது. யோசப்பின் சத்தமில்லாமல் கூடையைப் பின்னுக்கு இழுத்தாள். கனிசியஸ் நழுவப் பார்த்துத் தன் சைக்கிளைத் தேடினார்.

நாலு பேரையும் தாங்கித்தான் இறக்கினார்கள். காலூன்ற முடியவில்லை. முன்பொருமுறை மீன்பிடிக்கப் போய், படகின் எஞ்சின் பழுதாகிப் பதினொரு நாள் கடலில் கிடந்த கனிசியஸையும் இப்படித்தான் தூக்கி வந்தார்கள்.

லூர்த்தம்மா கைபேசியைப் பார்த்தே வாயைத் திறந்தாள்.

"பத்து நாளெண்டு சொல்லிப்போட்டுப் போன மூதேசியள்! கரையிலை நிக்கிறவளை ஒருக்காவெண்டாலும் நினைச்சியளோ?"

அன்று கரையில் கனிசியஸ் வாங்கியதும் இதே ஏச்சுத்தான். அவர் சைக்கிளை விட்டுவிட்டு அவளருகே வந்து நின்றார். அவள் கண்ணீர் மீன்கூடையில் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அந்தத் துவாயைத் தாங்கோ!"

கனிசியஸ் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கொடுத்தார்.