மழையை மிஞ்சிய என் குரல்

“கெம்பஸ்ல படிச்சது போதாதா மகள்? அங்கேயே படிப்பிக்கிறதுக்கு நம்மட ஆக்களை எடுப்பாங்களா?”

போன வருட மாரியில், கற்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமி இப்படிக் கேட்டார். அவர் வாப்பாவின் தங்கை. கேட்டதில் வஞ்சகம் இல்லை. எனக்கு முன் எங்களில் யாரும் போயிராத இடம் அது. நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன்; நேர்முகப் பரீட்சைக்கும் அழைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை எங்கேயும் தலைநிமிர்ந்துதான் சொல்வேன்.

என் பயம் வேறு. எங்கள் ஊரில் காற்று ஓய்வதில்லை. தோணியில் நிற்பவரைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய நாங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் அப்படியே கதைப்போம். விடுதிக்குப் போன புதிதில், “மெல்லக் கதைங்க, இது கடல் இல்ல!” என்று அறைத் தோழிகள் சிரிப்பார்கள். அன்றிலிருந்து குரலை அடக்கிக்கொண்டேன். நேர்முகத்தில் செய்துகாட்ட வேண்டிய மாதிரி விரிவுரையையும் அலுமாரிக் கண்ணாடி முன் நின்று மெல்லிய குரலில்தான் பழகினேன்.

நேர்முகத்தன்று விடியலில் பஸ் ஏறினேன். பாலாவி உப்பளங்களில் மழைநீர் நிறைந்து, வானம் அப்படியே கீழே கிடந்தது. தூக்கமும் விழிப்புமாகப் போன எனக்கு, பஸ் நீரின் மேல் மிதப்பதுபோல் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் தகரக் கூரை போட்ட பழைய மண்டபம். தேர்வுக் குழுவினர் கடைசி வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். எங்கள் ஊர்க் களப்பில், கடலோடு சேர்ந்த அந்த ஆழமில்லாத உப்புநீரில், வளரும் கடற்புல்லைப் பற்றித் தொடங்கினேன். உடனே மழை கொட்டியது. பேராசிரியை ஒருவர் காதில் கையை வைத்தார்.

“பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை. நிப்பாட்டுங்கோ, அடுத்த ஆளை வேற அறையில பாப்பம்.”

கிடைத்த ஒரே வாய்ப்பும் கைநழுவப் பார்த்தது. மூச்சை இழுத்து, தூரத்துத் தோணியைக் கூப்பிடும் குரலை எடுத்தேன். என் காதில் மழை எங்கோ விலகிப் போனது. வெறும் கதிரைகளுக்கிடையே பச்சைப் புல் அசைந்தது. அதற்குள் மீன்குஞ்சுகள் ஒளிந்து விளையாடின. எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது.

“மழை விட்டிட்டுது பிள்ளை, நீங்கள் இன்னும் விடேல்லை!”

அந்தப் பேராசிரியை சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும்தான்.

அந்த மாதமே நியமனம் கிடைத்தது. அன்று மழை வராதிருந்தால், யாருடையதோ போன்ற ஒரு குரலில்தான் காலமெல்லாம் படிப்பித்திருப்பேன் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

இந்த வேலை தற்காலிகம்தான். நிரந்தரமாக்க ஆய்வுப் பட்டம் வேண்டும். அதற்கும் பதிந்துவிட்டேன். நேற்றுக் காலை வாப்பாவின் தோணியில் களப்புக்குப் போய், இடுப்பளவு நீரில் இறங்கி, என் ஆய்வுக்கான முதல் கடற்புல்லை வேரோடு எடுத்துவந்தேன்.